பல் கலரில் சிமெண்ட் அடைத்தால் எத்தனை வருஷம் வரும்?

பாபநாசம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த கேள்வி இது. சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு வயது 34. கீழ்க் கடைவாய்ப்பல்லில் கறுப்பாக ஒரு குழி. குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுள்ளென்று கூசுகிறது, உடனே போய்விடுகிறது. மருத்துவர் பல் கலரிலேயே சிமெண்ட் வைத்து லைட் அடித்துவிடலாம் என்கிறார். மாமியாரோ, தன் வாயிலிருக்கும் வெள்ளி அடைப்பு 25 வருஷமாக அசையாமல் கிடக்கிறது, அதையே வைத்துக்கொள் என்கிறார். இதற்கு நடுவில் கணவருக்குப் பொங்கலன்று கரும்பு கடித்ததில் முன்பல்லின் முனை தெறித்துவிட்டது. எது நல்லது, எத்தனை வருஷம் வரும், காபிக்கும் வெற்றிலைக்கும் நிறம் மாறிப்போகுமா?

நான் கும்பகோணத்தில் இருபது வருஷத்துக்கு மேலாகப் பல் வைத்தியம் பார்க்கிறவன். இந்தக் கேள்விகள் வாரத்துக்கு நாலு தடவையாவது என் நாற்காலியில் வந்து உட்காரும். சுருக்கமான பதில்: உங்கள் பல்லுக்கு லைட் சிமெண்ட் சரி. மாமியார் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் எந்தப் பொருளை வைக்கிறார்கள் என்பதைவிட, வைக்கிற அந்த அரைமணி நேரம் பல்லில் எச்சில் படாமல் இருந்ததா என்பதைப் பொறுத்துத்தான் அடைப்பின் ஆயுள். இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

முதலில் அந்தக் கூச்சம். குளிர்ச்சி பட்டதும் சுள்ளென்று இழுத்து, இரண்டு மூன்று நொடியில் போய்விடுகிறது என்றால் பல்லுக்குள் இருக்கும் நரம்பு உயிரோடுதான் இருக்கிறது. அடைத்தால் அடங்கிவிடும். சூடான காபி பட்டு வலி பத்து நிமிஷம் நின்றாலோ, ராத்திரி படுத்ததும் தானாகத் தெறித்தாலோ, குளிர்ந்த தண்ணீரை வாயில் அடக்கி வைத்தால்தான் ஆறுகிறது என்றாலோ கதை வேறு. அது மீள முடியாத அளவுக்கு நரம்பு புண்ணாகிவிட்டதற்கு அடையாளம். அப்போது மேலே எதை வைத்து மூடினாலும் வலி உள்ளேயே கிடந்து குடையும். புண்ணான நரம்பை எடுத்து உள்ளே அடைக்கிற ரூட் கேனல், அப்புறம் பல்லுக்கு மேல் உறை போல மாட்டும் கேப் என்று போக வேண்டியதுதான்.

இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் சில மாதங்கள்தான். ஒரு விவசாயி, ஆடி மாதத்தில் உங்களைப் போலவே சின்னக் கூச்சத்தோடு வந்தார். எக்ஸ்ரேயில் சொத்தை நரம்பிலிருந்து தள்ளியே இருந்தது. அரைமணி நேர வேலை என்றேன். "நடவு முடியட்டும் டாக்டர்" என்றார். நடவு முடிந்தது, தீபாவளி வந்தது, அப்புறம் அறுவடை. மாசியில் வந்தபோது கன்னம் வீங்கி ஒரு கண் பாதி மூடியிருந்தது. சம்பா விளைகிற நேரத்தில் சொத்தையும் விளைந்துவிட்டது. எனவே மாமியாருக்கும் மருத்துவருக்கும் பஞ்சாயத்து முடியும்வரை காத்திருக்காதீர்கள்.

சொத்தையை இன்னமும் நம் பக்கத்தில் பூச்சிப்பல் என்றுதான் சொல்கிறார்கள். கண்டங்கத்திரிப் புகை பிடித்தால் புழு விழும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். பல்லில் புழு கிடையாது. இருப்பது கண்ணுக்குத் தெரியாத கிருமி. நாம் சாப்பிடும் சர்க்கரையையும் மாவையும் அது தின்று அமிலத்தைக் கக்குகிறது. வாயின் பி.எச். அளவு (குறையக் குறைய அமிலம் அதிகம் என்று அர்த்தம்) சுமார் 5.5க்குக் கீழே போனால், பல்லின் கெட்டியான மேலோடான எனாமலிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரைய ஆரம்பிக்கும். எச்சில் அதை மெல்ல மெல்லச் சமன்படுத்தி, கரைந்ததில் கொஞ்சத்தைத் திரும்ப ஒட்டியும் வைக்கும். அதற்கு அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம் வேண்டும். அந்த அவகாசத்தை நாம் கொடுப்பதில்லை. காலை ஆறு மணிக்கு ஒரு காபி, பத்துக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று, விருந்தாளி வந்தால் அவர்களோடு ஒன்று, எல்லாவற்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. திருவையாற்று அசோகா அல்வா ஒரு கிண்ணத்தை ஒரே மூச்சில் தின்று வாய் கொப்பளிக்கிறவரின் பல், இந்தக் காபிக்காரரின் பல்லைவிடப் பத்திரமாக இருக்கும். அளவைவிடத் தடவைதான் கணக்கு.

சரி, சிமெண்டுக்கு வருவோம்.

நம் ஊரில் எல்லாவற்றுக்கும் சிமெண்ட் என்றுதான் பெயர். லைட் அடித்து வைப்பதன் பெயர் காம்போசிட். ஒருவகைப் பிசினும் மிக நுண்ணிய கண்ணாடி, சிலிக்காத் துகள்களும் சேர்ந்த குழைவு அது. எடையில் முக்கால் பங்கு போலத் துகள்தான். பிசின் ஒட்டும், துகள் தேய்மானத்தைத் தாங்கும். இன்றைக்கும் பெரும்பாலான காம்போசிட்டுகளுக்கு அடிப்படையான பிசினை உருவாக்கி 1962ல் காப்புரிமை பெற்றவர் ரஃபேல் போவன் என்ற அமெரிக்கர்.

ஆனால் பிசின் இருந்தால் மட்டும் போதாது, பல்லில் அது பிடிக்க வேண்டுமே. அந்தப் புதிருக்கு 1955லேயே மைக்கேல் புவனகோர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் விடை சொல்லியிருந்தார். உலோகத் தகட்டில் பெயின்ட் நன்றாகப் பிடிக்க வேண்டும் என்று தொழிற்சாலைகளில் பாஸ்பாரிக் அமிலம் தடவுவார்கள். அதே அமிலத்தைப் பல்லில் தடவிப் பார்த்தார். எனாமல் நுண்ணிய மேடு பள்ளமாகி, பிசின் உள்ளே இறங்கி வேர் பிடித்த மாதிரி நின்றுவிட்டது. பழைய சுவரில் புதுப் பூச்சு பூசுவதற்கு முன்னால் கொத்தனார் சுவரைக் கொத்திவிடுவாரே, கிட்டத்தட்ட அதே வேலைதான். இங்கே கொத்துவது உளி இல்லாமல், கண்ணுக்குத் தெரியாத அளவில் நடக்கிறது.

வெள்ளி அடைப்பு பல்லில் ஒட்டாது. அதை நிறுத்த வேண்டுமானால் குழியை உள்ளே அகலமாகவும் வாயைக் குறுகலாகவும் வெட்ட வேண்டும், பழைய நெற்குதிர் மாதிரி. அதற்காகச் சொத்தையில்லாத நல்ல பல்லையும் கொஞ்சம் இழக்க வேண்டியிருக்கும். காம்போசிட் ஒட்டிக்கொள்வதால் கெட்டதை மட்டும் சுரண்டி எடுத்தால் போதும். நிறம் பொருந்துகிறது என்பதைவிட, பல்லை அதிகம் வெட்ட வேண்டியதில்லை என்பதுதான் என் கணக்கில் இதன் பெரிய லாபம். 34 வயதுப் பல்லுக்கு இன்னும் 40 வருஷ வேலை இருக்கிறது. முதல் அடைப்பு எவ்வளவு சின்னதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

நாற்காலியில் என்ன நடக்கும் என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். அப்போதுதான் எங்கே காசு வீணாகிறது என்பது புரியும்.

முதல் வேலை நிறம் பார்ப்பது. பல் ஈரமாக இருக்கும்போதே பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட வேண்டும். வாயைத் திறந்து வைத்துப் பல் காய்ந்துவிட்டால் அது உள்ளதைவிட வெளுப்பாகத் தெரியும். அதை நம்பி வைத்தால் மறுநாள் அடைப்பு மட்டும் தனியாகத் தெரியும். நிறத்தட்டில் 16 சாயல்கள் இருக்கும். நான் அதிகம் எடுப்பது ஏ2, ஏ3 என்கிற இரண்டைத்தான். சினிமாக்காரர் பல் போல வெள்ளை வெளேரென்று வேண்டும் என்று கேட்பவர்களிடம், பக்கத்துப் பல் ஒத்துழைக்க வேண்டுமே என்பேன்.

அப்புறம் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து, சொத்தையைச் சுரண்டுவது. ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயக் கோளாறு, கர்ப்பம், சாப்பிடும் மாத்திரைகள் எதுவாக இருந்தாலும் ஊசிக்கு முன்னால் சொல்லிவிடுங்கள். அந்தக் காலத்தில் கறுப்பு ஒரு துளி மிஞ்சாமல் தோண்டு என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது அப்படியில்லை. ஓரங்களைச் சுத்தமாக எடுத்துவிட்டு, நரம்புக்கு மிக அருகே வந்தால் கொஞ்சம் மெத்தென்ற பகுதியை விட்டுவைத்து மேலே காற்றுப் புகாமல் மூடுவதே பாதுகாப்பு. சர்க்கரை கிடைக்காமல் கிருமி அடங்கிவிடும், நரம்பும் திறந்துகொள்ளாது. எனவே மருத்துவர் அடியில் லேசாக நிறத்தை விட்டுவிட்டால் அரைகுறை வேலை என்று நினைக்காதீர்கள்.

இனிமேல்தான் முக்கியமான கட்டம். 37 சதவீதம் போல உள்ள பாஸ்பாரிக் அமிலத்தை, பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும் அந்தக் களிம்பை, 15 முதல் 30 நொடி வைத்துக் கழுவி உலர்த்துவார்கள். நன்றாகப் பிடித்திருந்தால் எனாமல் சுண்ணாம்பு அடித்த மாதிரி மங்கலான வெள்ளையாகத் தெரியும். அந்த வெள்ளை தெரிந்த நொடியிலிருந்து லைட் அடித்து முடிக்கும்வரை எச்சில் ஒரு சொட்டுப் படக் கூடாது. பட்டால், கொத்திவிட்ட சுவரில் எண்ணெய் தடவின மாதிரி. மறுபடி அமிலம் வைத்துக் கழுவி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதைச் செய்யாமல் அவசரத்தில் மேலே வைத்துவிட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து ஓரத்தில் மெல்லிய பழுப்புக் கோடு விழும், உள்ளே கசியும், அடைப்பு அப்படியே இருக்கும்போதே அடியில் சொத்தை ஓடும். இவ்வளவுக்கும் எனாமலுக்கு அடியிலிருக்கும் டென்டின் என்ற பகுதி சுக்காகக் காய்ந்துவிடவும் கூடாது. எச்சில் இல்லாத மெல்லிய ஈரம் இருக்க வேண்டும்.

அதனால்தான் ரப்பர் டேம் போடும் இடத்தை நான் நம்புவேன். மெல்லிய ரப்பர் விரிப்பில் ஓட்டை போட்டு, வேலை செய்யும் பல்லை மட்டும் வெளியே எடுத்து, மற்ற வாயை மூடிவிடுவது. 1864லிருந்து இருக்கும் உத்தி இது. போடும்போது கொஞ்சம் மூச்சு முட்டுவது போலிருக்கும், ஒரு நிமிஷத்தில் பழகிவிடும். எல்லா இடத்திலும் போடுவதில்லை. பஞ்சு உருளையும் எச்சில் உறிஞ்சும் குழாயும் வைத்துக் கவனமாகச் செய்தாலும் நன்றாக வரும். ஆனால் கீழ்க் கடைவாயில் நாக்கு ஒரு பக்கம், கன்னம் ஒரு பக்கம் என்று எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். உங்கள் பல் சரியாக அந்த இடத்தில்தான் இருக்கிறது. "ரப்பர் டேம் போடுவீர்களா?" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை. கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு தகவல்தான்.

அடுத்து, ஒட்டும் திரவத்தைத் தடவி லைட் அடித்து, காம்போசிட்டை அடுக்கடுக்காக வைப்பார்கள். ஒரு அடுக்கு இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஒரே தடவையில் நான்கு மில்லிமீட்டர் வைக்கக்கூடிய வகைகளும் இப்போது உண்டு. அந்த நீல வெளிச்சம் பட்டதும் உள்ளேயிருக்கும் காம்ஃபர்குவினோன் என்ற பொருள் வினையைத் தூண்டிவிட்டுப் பிசினை இறுகச் செய்யும். பெயரைப் பார்த்தாலே தெரியும், நம் கற்பூரத்தின் வாரிசுதான் அது. இறுகும்போது காம்போசிட் கனஅளவில் இரண்டு மூன்று சதவீதம் சுருங்கும். சித்திரை வெயிலில் களிமண் வயல் காய்ந்து வரப்பை விட்டு விலகி வெடிக்கிறதே, அதே குணம். மொத்தத்தையும் ஒரே உருண்டையாக வைத்து லைட் அடித்தால் அடைப்பு ஓரத்தை விட்டு விலகப் பார்க்கும், ஆழத்தில் வெளிச்சம் எட்டாமல் மெத்தென்றே கிடக்கும். எனவே அடுக்கு, லைட், அடுக்கு, லைட் என்று ஒவ்வொன்றுக்கும் 20 நொடி போல நேரம் எடுப்பவர் இழுத்தடிக்கவில்லை. அந்த வெளிச்சத்தை நேராகப் பார்க்காதீர்கள், கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

சொத்தை இரண்டு பல்லுக்கு இடையில் இருந்தால் மெல்லிய உலோகப் பட்டையும் ஆப்பும் சொருகி அந்தச் சுவரைக் கட்ட வேண்டும். பக்கத்துப் பல்லோடு இறுக்கமாகத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். இடைவெளி விழுந்தால் வாழைத்தண்டு நாரும் கீரையும் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் சிக்கி, ஈறு வீங்கி, ஊசியும் குச்சியும் எடுத்துக் குத்த ஆரம்பித்துவிடுவீர்கள். அடைப்பு முடிந்த மறுநாளே அந்த இடத்தில் சாப்பாடு சிக்கினால் சும்மா இருக்காமல் திரும்பப் போய்க் காட்டுங்கள்.

கடைசியில் கலர் காகிதத்தைக் கடிக்கச் சொல்லி, மேடு இருந்தால் தேய்த்துப் பாலிஷ் போடுவார்கள். மரத்துப்போன வாயில் மேடு சரியாகத் தெரியாது. வீட்டுக்குப் போன பிறகு அந்தப் பல் மட்டும் முதலில் இடிக்கிறது, கடித்தால் வலிக்கிறது என்றால் இரண்டு நிமிஷத் தேய்ப்பில் சரியாகிவிடும். பழகிப்போகும் என்று பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம். குளிர்ச்சிக்குக் கொஞ்சம் கூசுவது சில நாள், சில வாரம் இருக்கலாம். குறைந்துகொண்டே போனால் கவலையில்லை. சாப்பாட்டுக்கு ஒரு நாள் காத்திருக்க வேண்டாம், லைட் அடித்ததுமே இறுகிவிடுகிறது. மரப்பு தெளியும்வரை மட்டும் மெல்லாதீர்கள், உதட்டைக் கடித்துக்கொள்வீர்கள்.

இடையில் ஒன்று. வலிக்குக் கிராம்புத் தைலம் வைத்துக்கொண்டுதான் பெரும்பாலோர் வருகிறார்கள். அதிலுள்ள யூஜினால் வலியை மரத்துப்போகச் செய்யும், உண்மைதான். ஆனால் அதே யூஜினால் காம்போசிட் சரியாக இறுகுவதைக் கெடுக்கும். வைத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், நன்றாகச் சுத்தம் செய்துவிட்டு ஆரம்பிக்கலாம்.

எத்தனை வருஷம் வரும்? நன்றாக வைத்த, ரொம்பப் பெரிதில்லாத கடைவாய் அடைப்பு ஏழெட்டு வருஷம் தாராளமாக வரும், பத்து வருஷம் தாண்டியவற்றையும் நிறையப் பார்த்திருக்கிறேன். நீண்டகால ஆய்வுகளில் கடைவாய்க் காம்போசிட்டுகள் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றிலிருந்து மூன்று வரை கெடுகின்றன. கெடுவதற்கு இரண்டு காரணங்கள்தான் பெரியவை: ஓரத்தில் மறுபடி சொத்தை விழுவது, அடைப்போ பல்லோ உடைவது. முதலாவது பெரும்பாலும் நீங்கள் பல்லைப் பார்த்துக்கொள்கிற விதத்தையும் அந்த எச்சில் விஷயத்தையும் பொறுத்தது. இரண்டாவது குழியின் அளவைப் பொறுத்தது. பல்லின் முகடு ஒன்று முழுதாகப் போய்விட்டால் அடைப்பைப் போட்டு இழுத்துக்கொண்டிருக்காமல் கேப்போ, லேபில் செய்து ஒட்டும் துண்டோ வைத்துவிடுவது நல்லது. உங்கள் விஷயத்தில் அது தேவைப்படாது என்று நினைக்கிறேன், எக்ஸ்ரேதான் முடிவாகச் சொல்லும்.

வெள்ளி அடைப்பு ஆயுளில் ஜெயிக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எச்சில் கொஞ்சம் பட்டாலும் பொறுத்துக்கொள்ளும். மாமியாருடைய பாதி நியாயம் இதுதான். ஆனால் அதில் எடையில் பாதி பாதரசம். பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான மினமாட்டா என்ற உலக ஒப்பந்தத்தில் இந்தியா 2018ல் சேர்ந்தது, ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரியிலிருந்து வெள்ளி அடைப்பைப் பெரும்பாலும் நிறுத்தியேவிட்டது. நானும் நிறுத்திப் பல வருஷமாகிறது.

மூன்றாவதாக ஒரு சிமெண்ட் உண்டு, கிளாஸ் அயனோமர். அதுவும் வெள்ளையாகத்தான் இருக்கும், விலை குறைவு. பல நேரம் இதை வைத்துவிட்டு "கலர் சிமெண்ட் வைத்தாயிற்று" என்று சொல்வதும் உண்டு. 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வில்சனும் கென்டும் வெளியிட்ட கண்டுபிடிப்பு. தானாகவே பல்லோடு ரசாயனமாக ஒட்டும், ஃப்ளோரைடை மெல்லக் கசியவிடும், ஈரத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். குழந்தைகளின் பால்பல், பெரியவர்களின் வேரோரச் சொத்தை, எச்சிலைத் தடுக்கவே முடியாத இடம், இதற்கெல்லாம் நான் அதைத்தான் எடுப்பேன். கடைவாயில் மெல்லுகிற மேடையில் வைத்தால் தேய்ந்துவிடும். எனவே எதை வைக்கிறார்கள் என்று பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். லைட் அடித்தால் காம்போசிட்தான் என்றும் சொல்ல முடியாது. லைட் அடிக்கும் அயனோமரும் இருக்கிறது.

இனி கணவரின் கரும்புப் பல். தை மாதத்தில் எனக்கு இது வழக்கமான கூட்டம், மூன்று நாள் பொங்கல் முடிந்தால் நாலைந்து பேராவது வருவார்கள். எனாமல் மட்டும் கொஞ்சம் தெறித்திருந்தால் ஊசிகூடத் தேவையில்லை. ஓரத்தைச் சாய்வாகத் தேய்த்து, அமிலம் வைத்து, உள்ளே மங்கலான சாயல், வெளியே கண்ணாடி போன்ற சாயல் என்று இரண்டு நிறத்தை அடுக்கி ஒரே உட்காரலில் முடித்துவிடலாம். உடைந்த துண்டு கிடைத்திருந்தால் தண்ணீரிலோ பாலிலோ போட்டு எடுத்து வரட்டும், சில சமயம் அதையே ஒட்டிவிடலாம். தன் பல்லுக்குத் தன் பல்லைவிடப் பொருத்தமான நிறம் ஏது? உடைந்த இடத்தில் இளஞ்சிவப்பாகவோ ரத்தப் புள்ளியாகவோ தெரிந்தால் நரம்பு திறந்துவிட்டது, அன்றைக்கே போக வேண்டும். வலியில்லாவிட்டாலும் சில மாதம் கழித்து ஒரு முறை காட்டட்டும். அடிபட்ட முன்பல் மெல்லக் கறுத்து, நரம்பு சாவது உண்டு. அடைத்த முன்பல்லால் இனிக் கரும்பை உரிக்கக் கூடாது, சோடா மூடியைத் திறக்கக் கூடாது. கரும்பைக் கத்தியால் சீவித் துண்டு போட்டுக் கடைவாயில் மெல்லட்டும்.

நிறம் மாறுமா என்றால், மாறும். ஆனால் பயப்படுகிற அளவுக்கு இல்லை. பிசின் கொஞ்சம் தண்ணீரை உறிஞ்சும், அதோடு சாயத்தையும் உறிஞ்சும். நன்றாகப் பாலிஷ் போட்ட பரப்பில் கறை பிடிப்பது குறைவு. மஞ்சள் வலுவான சாயம், முதல் ஒரு நாள் மஞ்சள் தூக்கலான குழம்பைத் தவிர்த்தால் நல்லது. அதற்குள் மிச்ச இறுக்கமும் நடந்து முடிந்துவிடும். அதன்பிறகு டிகிரி காபியை நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வராது. குடித்ததும் ஒரு வாய் தண்ணீர் கொப்பளித்தால் போதும். ஓரத்தில் ஏறும் மேலோட்டமான பழுப்பை ஆறு மாதத்துக்கோ வருஷத்துக்கோ ஒருமுறை பாலிஷில் எடுத்துவிடலாம். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: பல்லை வெளுக்கச் செய்யும் மருந்து அடைப்பை வெளுக்காது. வெளுக்க ஆசை இருந்தால் அதை முதலில் முடித்து, இரண்டு வாரம் விட்டு, பிறகு முன்பல்லை அடைக்க வேண்டும்.

வெற்றிலை விஷயத்தில் அவ்வளவு தாராளமாக என்னால் இருக்க முடியாது. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025ல் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கும் பெருமைதான். வெறும் கொழுந்து வெற்றிலை உங்கள் அடைப்பை ஒன்றும் செய்யப்போவதில்லை. சிக்கல் கூட வருகிறவர்களால். பாக்கும் சுண்ணாம்பும் சேர்ந்து ஏற்றும் செம்பழுப்பு, அடைப்பின் ஓரத்தில் மையால் கோடு போட்ட மாதிரி நிற்கும். கொட்டைப்பாக்கைக் கடிப்பது அடைப்புக்கும் பல்லுக்கும் சம்மட்டி அடி. சீவலாக இருந்தால் உடையாது, ஆனால் நாள் முழுக்க அரைபட்டுக் கடைவாயைத் தேய்த்துத் தட்டையாக்கிவிடும். இதெல்லாம்கூடச் சின்ன விஷயம். பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ல் வகைப்படுத்தியிருக்கிறது, புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கையும் சேர்த்து. வருஷக்கணக்காகப் பாக்குப் போடுகிறவர்களுக்குக் கன்னத்தின் உள்பக்கம் இறுகி வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். உங்கள் வீட்டில் யாராவது போடுகிறார்களா? அவர்களுடைய மூன்று விரலை நிமிர்த்தி, ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு நடுவே வைக்கச் சொல்லுங்கள். போகவில்லை என்றால், காரச் சாப்பாடு பட்டால் எரிகிறது என்றால், அடைப்பைப் பற்றிய கேள்வியை ஒதுக்கிவிட்டு வாயைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு விரல் மட்டுமே நுழையும் வாயில் கடைசிப் பல்லைக் காய வைத்து அடைப்பது என்பது, எங்களுக்கும் அவர்களுக்கும் தண்டனை.

அப்புறம் உமிக்கரி. ஈறோரத்தில் பல் ஆப்பு வெட்டின மாதிரி தேய்ந்து கூசுகிறது என்று வரும் பெரியவர்களில் பலர் சொத்தையே இல்லாதவர்கள். நெல் உமியில் சிலிக்கா நிறைய. சுட்டால் சாம்பலில் மிஞ்சுவது பெரும்பாலும் அதுதான். காம்போசிட்டில் நான் வலுவுக்காக வைக்கிற அதே பொருளை, அவர்கள் தினமும் காலையில் விரலால் பல்லில் தேய்த்து அறுக்கிறார்கள். அந்த வெட்டையும் பல் கலரில் அடைக்கலாம். ஆனால் தேய்ப்பது நிற்காவிட்டால் இரண்டாம் வருஷம் சில்லாகக் கையில் வந்துவிடும். மிருதுவான பிரஷ், ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட், ராத்திரி படுக்கும் முன் ஒரு தடவை. உங்கள் புது அடைப்புக்கும் இதே கவனிப்புதான்.

செலவு பற்றி: ஒரு பரப்பு மட்டுமா, இரண்டு பல்லுக்கு இடையிலும் போகிறதா என்பதைப் பொறுத்து மாறும். எப்படிப் பார்த்தாலும் ரூட் கேனலும் கேப்பும் இதைப்போலப் பல மடங்கு. தனியாரில் முடியாது என்றால் அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவில் விசாரியுங்கள். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், சிதம்பரத்தில் ராஜா முத்தையா கல்லூரியாக இருந்து அரசிடம் வந்த பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கல்லூரியில் மாணவர்கள் செய்வார்கள், நேரம் கூடுதலாகும். ஆனால் ஆசிரியர் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துத்தான் அடுத்ததற்கு விடுவார். ரப்பர் டேம் போடுவதையும் அங்கேதான் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

மாமியாரின் வெள்ளி அடைப்பை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பாதரசம் என்று படித்ததும் அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும். ஒன்றும் செய்ய வேண்டாம். நல்ல நிலையில் இருக்கும் வெள்ளி அடைப்பைப் பயத்தில் எடுக்கக் கூடாது என்றுதான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2020ல் சொன்னது. தோண்டி எடுக்கும்போதுதான் பாதரச ஆவி அதிகம் வரும், கூடவே கொஞ்சம் நல்ல பல்லும் போகும். 25 வருஷமாக இருப்பது இருந்துவிட்டுப் போகட்டும். நீங்கள் உங்கள் பல்லை அடைக்கப் போகும் அன்றைக்கு அவரையும் அழைத்துப் போய், அந்த அடைப்பின் ஓரம் மட்டும் இடைவெளி விட்டிருக்கிறதா என்று ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.